பழைய பாக்ஸ்டர் எஸ்: 48,000 ஓடியதா, 1,71,000 ஓடியதா, இல்லை இரண்டுமே வேண்டாமா?

நீலக்கூரை

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த ஆசை, முடிவெடுத்தே ஆக வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டது. முதல் தலைமுறை போர்ஷ பாக்ஸ்டர், அதாவது 986. அதிலும் எஸ் மாடல்: 3.2 லிட்டர், 252 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். இரண்டு கார்கள் பார்வையில் இருக்கின்றன. இரண்டுமே 2001 மாடல்.

முதலாவது கறுப்பு. 48,000 கி.மீ. ஓடியது, இரண்டே உரிமையாளர்கள். பெயின்ட் பளபளக்கிறது, சீட்டில் ஒரு சுருக்கம் கூட இல்லை. சர்வீஸ் புத்தகத்தில் முதல் சில வருடங்கள் ஒழுங்காக முத்திரை விழுந்திருக்கிறது. அதற்கப்புறம் இங்கொன்றும் அங்கொன்றும்தான்.

இரண்டாவது வெள்ளி நிறம். 1,71,000 கி.மீ., நான்கு உரிமையாளர்கள். டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கம் தோல் தேய்ந்திருக்கிறது, முன் பம்பர் முழுக்கக் கல் பட்ட புள்ளிகள். ஆனால் கூடவே ஒரு தடித்த ஃபைல் நிறைய பில்கள் தருகிறார்கள். கறுப்பின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல் கேட்கிறார்கள்.

தினமும் ஓட்ட வேறு கார் இருக்கிறது. மூடிய ஷெட் இருக்கிறது. ஆயில், பிரேக் பேட் அளவுக்கு நானே மாற்றிவிடுவேன், அதற்கு மேல் ஒர்க்‌ஷாப்தான். மனம் கறுப்பின் பக்கம் சாய்கிறது. வீட்டில் "இரண்டுமே வேண்டாம்" கட்சி. உங்கள் கருத்து?

கணக்குப்பிள்ளை

நானும் உங்கள் வீட்டுக் கட்சிதான். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

இந்தக் காரைப் புதிதாக வாங்கியவர்கள் யாரோ, அவர்களுடைய பணப்பையைப் பார்த்துத்தான் உதிரிபாகங்களுக்கு விலை வைத்தார்கள். காரின் விலை அப்புறம் இறங்கி இறங்கி உங்கள் கைக்கு எட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. ரேடியேட்டரோ கூரைத் துணியோ, நீங்கள் காரை எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டுத் தள்ளுபடி தராது. இன்ஜினைப் பிரிக்கும் நிலை வந்தால் காருக்குக் கொடுத்த பணத்தையே அது தாண்டிவிடலாம். விற்பவருக்குக் கொடுப்பது முதல் தவணை, அவ்வளவுதான்.

வேகத்துக்காக என்றால் வேண்டவே வேண்டாம். 0-100க்குக் கம்பெனி சொன்ன கணக்கு 5.9 வினாடி. 2001ல் அது பெரிய விஷயம். இன்று குழந்தை சீட் கட்டிய ஹாட்ச்பேக் ஒன்று சிக்னலில் பக்கத்தில் நின்று, சத்தமில்லாமல் முந்திக்கொண்டு போய்விடும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்க முடியுமா? அது முதல் வருடத்திலேயே காலியானாலும் தூக்கம் கெடாமல் இருப்பீர்களா? ஆம் என்றால் மேற்கொண்டு பேசலாம்.

மூன்றாம்கியர்

கணக்குப்பிள்ளை அண்ணன் போட்ட கணக்கு சரி, தீர்ப்போடுதான் எனக்கு ஒத்துவரவில்லை. சிக்னலில் ஜெயிக்க யாரும் பாக்ஸ்டர் வாங்குவதில்லை. டர்போ இல்லாத பிளாட் சிக்ஸ் (ஆறு சிலிண்டரும் படுத்த வாக்கில் இருக்கும்) இன்ஜின், அது முதுகுக்குப் பின்னால், இரண்டு அச்சுக்கும் நடுவில். ஹைட்ராலிக் ஸ்டீயரிங். ரோட்டின் சொரசொரப்பு மாறினால் விரல் நுனிக்குத் தெரியும். இன்றைய புதிய கார்களில் இந்தச் சேர்க்கையைத் தேடிப் பாருங்கள், கிடைத்தால் அதன் விலையையும் பாருங்கள்.

நீலக்கூரை, கறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கி.மீ. குறைவு என்பது தேய்மானம் குறைவு என்று மட்டுமே அர்த்தம், வயது குறைவு என்று அர்த்தமில்லை. ஹோஸ், சீல், புஷ், இன்ஜின் மவுன்ட் எல்லாம் ரப்பர். ரப்பர் ஓடினாலும் இறுகும், நின்றாலும் இறுகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், கார் ஓடியதோ இல்லையோ. "இங்கொன்றும் அங்கொன்றும்" முத்திரை விழுந்த காலத்தில் அதையெல்லாம் யார் செய்தார்கள்?

சும்மாபார்ப்பவன்

ஏன் பாக்ஸ்டர்தான் என்று அடம்? மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறதே. இரண்டாம் தலைமுறை (1998-2005) எடுத்தால் இன்ஜினில் பயமுறுத்தும் கதை எதுவும் கிடையாது, எல்லாப் பாகமும் கிடைக்கும், வீட்டிலேயே பிரித்து மாட்டலாம். துருவை மட்டும் பாருங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் சில் (sill) என்ற தகட்டுப் பகுதி, அப்புறம் முன்பக்க சேஸிஸ் ரெயில். கூரைத் தண்ணீர் வடியும் துளை அடைத்துக்கொண்டால் சில் உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கிறது என்றால் உள்ளே தகடு போய் ரொம்ப நாளாகிவிட்டது என்று பொருள்.

இல்லையென்றால் ஹோண்டா எஸ்2000. ஆரம்ப மாடலின் 2.0 லிட்டர் இன்ஜின் 9,000 ஆர்பிஎம் வரை பாடும். விலைதான் ஏறிக்கொண்டே போகிறது.

ஞாயிறு_ஓட்டுநர்

மாஸ்டா ஆர்எக்ஸ்-8ஐ யாரும் சொல்லிவிடாதீர்கள் என்று வேண்டிக்கொண்டே படித்தேன். :) அழகான கார், அருமையான கியர்பாக்ஸ். ஆனால் அதற்கு ரோட்டரி இன்ஜினுக்கென்றே உள்ள மீட்டரில் கம்ப்ரஷன் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஷெட்டிலிருந்து வாசல் வரை நகர்த்தி, உடனே அணைத்தால் பெட்ரோல் நிரம்பி அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம்கியர் சொன்னதற்கு மாறாக, என் ஓட்டு கறுப்புக்கு. ஹோஸும் சீலும் மாற்றக்கூடியவை. நசுங்கிய சீட், கல்லடி பட்ட பெயின்ட், ஆடிப்போன இன்டீரியர் இதையெல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவும் அலைச்சலும் மெக்கானிக் வேலையை விட அதிகம். நாளைக்கு விற்கும்போதும் 48,000 என்ற எண்தான் முதலில் பேசும்.

நீலக்கூரை

நன்றி. எம்எக்ஸ்-5 நண்பர் ஒருவருடையதை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நல்ல கார், ஆனால் என் உயரத்துக்குக் கண்ணாடிச் சட்டம் சரியாகப் புருவத்துக்கு நேராக வந்து நிற்கிறது. எஸ்2000 என் கைக்கு எட்டாது. ஆகவே 986 அல்லது எதுவுமில்லை.

கணக்குப்பிள்ளை சார், மூன்றில் ஒரு பங்கு ஒதுக்க முடியும். வெள்ளியை வாங்கினால் அதற்கு மேலும் ஒதுக்கலாம்.

எல்லோரும் பயமுறுத்தும் அந்த பேரிங் விஷயத்தை யாராவது நிதானமாக விளக்குவீர்களா? படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிச்சம்.

எண்ணெய்க்கறை

இந்த இன்ஜின்களோடு பல வருடமாக மாரடிக்கிறேன், சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

கிராங்க்‌ஷாஃப்டிலிருந்து கேம்ஷாஃப்டுக்குச் சக்தியைக் கொண்டுபோக நடுவில் ஒரு இன்டர்மீடியட் ஷாஃப்ட் இருக்கிறது. அதன் ஒரு முனை, கிளட்ச் பக்கம், ஒரு பால் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். சுருக்கமாக ஐஎம்எஸ் பேரிங். அது சீல் வைத்து, உள்ளே கிரீஸ் அடைத்து வந்த பேரிங். வருடம் போகப் போக சீல் தளர்ந்து இன்ஜின் ஆயில் உள்ளே நுழைந்து கிரீஸைக் கழுவிவிடும். ஆனால் புது ஆயில் சுழன்று போகும் அளவுக்கு வழியும் இருக்காது. பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆட ஆரம்பித்தால் செயின் டைமிங் தவறும், பிஸ்டனும் வால்வும் மோதும். அதோடு இன்ஜின் கதை முடிந்தது.

ஆரம்ப கார்களில் இரட்டை வரிசை பேரிங், அதாவது உள்ளே இரண்டு வரிசைக் குண்டுகள். 2000, 2001 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். வம்பு பிடித்தது அந்த ஒற்றை வரிசைதான். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக ஒரு கூட்டு வழக்கு நடந்து 2013ல் சமரசமானது. அதையொட்டி அடிபட்ட கணக்குப்படி ஒற்றை வரிசையில் 100க்கு 8 போல, இரட்டை வரிசையில் 1க்கும் கீழே. 2006 வாக்கில் பெரிய பேரிங் போட்டார்கள், 2009 மாடல் இன்ஜினில் அந்த ஷாஃப்டையே தூக்கிவிட்டார்கள்.

இதில் உங்களுக்குச் சிக்கல் என்னவென்றால் 2001 மாடலில் இரண்டில் எதுவும் இருக்கலாம். இன்ஜின் நம்பரை வைத்து ஊகிக்கலாமே தவிர, கியர்பாக்ஸையும் கிளட்சையும் ஃபிளைவீலையும் கழற்றிக் கண்ணால் பார்த்தால்தான் உறுதி.

100க்கு 8 என்பதை இப்படியும் பாருங்கள்: 92 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தக் காரை வேண்டாம் என்று தள்ள அது மட்டும் போதாது. மாற்று பேரிங் கிடைக்கிறது. பொருளை விட அதை எட்டிப் பிடிக்கும் கூலிதான் அதிகம். அதனால்தான் கிளட்ச் மாற்றும்போதே ஐஎம்எஸ் பேரிங்கையும் பின்பக்க மெயின் சீலையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்கள், ஒரே கூலியில் மூன்று வேலை.

கறுப்பு, வெள்ளி விவகாரத்தில் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த பேரிங்குக்கு நின்றுகொண்டே இருப்பது நல்லதில்லை என்பது இந்த இன்ஜின்களைத் திறக்கும் பலருடைய அனுபவம். நன்றாகச் சூடாக்கி, வருடம் தவறாமல் ஆயில் மாற்றி, அடிக்கடி ஓட்டிய கார்கள்தான் தாக்குப்பிடிக்கின்றன.

நேரில் போகும்போது இதையெல்லாம் பாருங்கள்:

இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பாக்ஸ்டரில் பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தொட முடியாது, முன்னாலும் டிக்கி, பின்னாலும் டிக்கி. அதனால் போனதும் குனிந்து சைலன்சர் குழாயில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்கு முன்னாடியே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஒரு குப் புகை வந்தால் பயப்படாதீர்கள். சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருப்பதால் கொஞ்சம் ஆயில் தங்கும். நிற்காமல் வெள்ளைப் புகை மண்டினால் ஏர்-ஆயில் செப்பரேட்டர் (இன்ஜினுக்குள் இருக்கும் காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் பாகம்) போயிருக்கலாம். ஐடிலில் ஓடும்போது பின் டிக்கியில் இருக்கும் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக இழுத்தால் பரவாயில்லை. மூடியைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தால் அதே சந்தேகம்தான்.

முன் பம்பரின் வாய்களுக்குள் டார்ச் அடியுங்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சருகு சேர்ந்து, ஈரம் தங்கி, ரேடியேட்டரை அரிக்கும். எஸ் மாடலில் நடுவில் மூன்றாவது ரேடியேட்டரும் உண்டு.

சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்கள். அலாரம், இம்மொபிலைசர் பெட்டி அங்கேதான் இருக்கிறது. கூரைப் பக்கத்து வடிகால் அடைத்தால் தண்ணீர் நேராக அங்கே போய்ச் சேரும், அப்புறம் ஒருநாள் சாவி போட்டால் கார் உங்களைத் தெரியாது என்று சொல்லிவிடும்.

கடைசியாக, காரின் கம்ப்யூட்டரில் உள்ள பதிவுகளை மெக்கானிக்கிடம் படித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஓவர்ரெவ் பதிவும் (இன்ஜின் அதன் ஆர்பிஎம் எல்லையைத் தாண்டிச் சுற்றிய கணக்கு), இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் அதில் இருக்கும். கி.மீ.யை மணி நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வரும். 45, 50 போல வந்தால் இயல்பு. 15, 20 என்று வந்தால் ஓடோமீட்டரில் யாரோ கை வைத்தார்களா என்று கேட்க வேண்டியிருக்கும்.

சும்மாபார்ப்பவன்

அந்த மணி நேர வித்தை எனக்குத் தெரியாது. சேமித்து வைத்துக்கொண்டேன்.

கணக்குப்பிள்ளை

எண்ணெய்க்கறை தம்பி, அருமை. ஆனால் "தடித்த ஃபைல்" என்றதுமே எல்லோரும் மயங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபைலை எடைபோட்டுப் பயனில்லை. ஒவ்வொரு பில்லையும் தேதி, கி.மீ., செய்த வேலை என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். டயர், பாலிஷ், ஸ்டீரியோ, நம்பர் பிளேட் பில்களை ஒதுக்கிவிடுங்கள். மிஞ்சுவது எத்தனை பக்கம் என்று பாருங்கள். ஆயில் மாற்றிய தேதிகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருந்தால் அந்தக் காலத்தில் யார் வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள்.

நீலக்கூரை

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெள்ளிக் காரின் ஃபைலோடு உட்கார்ந்தேன். கணக்குப்பிள்ளை சார் சொன்னது உண்மைதான், பாதி ஃபைல் பறந்துவிட்டது. விண்ட் டிஃப்ளெக்டர், ஸ்டீரியோ, இரண்டு முறை அலாய் வீல் பெயின்ட். மிச்சத்தில் இருப்பது:

ஆயில் மாற்றம் பெரும்பாலும் வருடம் ஒன்று. இரண்டாவது உரிமையாளர் காலத்தில் மட்டும் ஏறக்குறைய மூன்று வருட இடைவெளி. தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட் 92,000ல். கூலன்ட் டேங்க் 1,10,000ல். கிளட்ச் 1,28,000ல். ஆறு இக்னிஷன் காயிலும் 1,45,000ல். முன்பக்க கன்ட்ரோல் ஆர்ம்கள் சமீபத்தில். ஐஎம்எஸ் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை.

கறுப்பின் புத்தகத்தில் கடைசி முத்திரைக்கும் அதற்கு முந்தியதற்கும் நடுவில் ஐந்து வருடம், 3,000 கி.மீ.

மூன்றாம்கியர்

ஐந்து வருடத்தில் 3,000. வருடத்துக்கு 600. ஷெட்டிலிருந்து எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விட்டிருக்கிறார்கள். இன்ஜின் ஆயில் சூடாவதற்குள் ஊர்வலம் முடிந்திருக்கும்.

எண்ணெய்க்கறை

அந்த கிளட்ச் பில்லை எடுத்து மறுபடி படியுங்கள். கிளட்ச் மட்டுமா, வேறு பாகம் ஏதாவது எழுதியிருக்கிறதா? பின்பக்க மெயின் சீல் மாற்றியிருந்தால் ஃபிளைவீலைக் கழற்றியிருக்கிறார்கள். ஃபிளைவீலைக் கழற்றியவன் கண்ணில் ஐஎம்எஸ் மூடி படாமல் இருக்க முடியாது. பார்த்தும் பேரிங்கைத் தொடவில்லை என்றால் இரண்டில் ஒன்று. அக்கறையில்லாதவன், அல்லது இரட்டை வரிசை என்று பார்த்துவிட்டு வேண்டுமென்றே விட்டவன். பில்லில் ஒர்க்‌ஷாப் பெயர் இருக்கும். கூப்பிட்டுக் கேளுங்கள். இந்த வேலை செய்பவர்கள் கிளட்ச் இறக்கினால் வழக்கமாக போட்டோ எடுத்து வைப்பார்கள்.

நீலக்கூரை

மெயின் சீல் எழுதியிருக்கிறது! அடுத்த வரியிலேயே "ஐ.ஷா. மூடி சீல்" என்று கிறுக்கலாக ஒன்று. அது என்னவென்று புரியாமல் தாண்டிப் போயிருந்தேன். நாளை கூப்பிடுகிறேன்.

எண்ணெய்க்கறை

அதுதான் இன்டர்மீடியட் ஷாஃப்ட் மூடியின் சீல். அக்கறையில்லாதவன் அதை மாற்றமாட்டான். நல்ல அறிகுறி.

ஞாயிறு_ஓட்டுநர்

சரி, வெள்ளிக்கு ஆதரவு பெருகுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கறுப்பைப் பார்க்காமலே ஒதுக்குவது நியாயமில்லை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விற்பவர் சோதனைக்கு மறுத்தால் அதுவே பதில்.

நீலக்கூரை

இரண்டு காரும் பார்த்தாயிற்று. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போன். அந்த ஒர்க்‌ஷாப்காரர் காரின் நிறத்தைச் சொன்னதுமே கண்டுபிடித்துவிட்டார். பேரிங் இரட்டை வரிசை. ஷாஃப்டில் ஆட்டம் இல்லை, மூடி சீலை மட்டும் மாற்றி மூடிவிட்டதாகச் சொன்னார். கேட்டதும் போட்டோவும் அனுப்பினார்.

கறுப்பு. போனதும் சைலன்சர் குழாயில் கை வைத்தேன், வெதுவெதுப்பு. கேட்டால் "பேட்டரி வீக், நீங்கள் வரும்போது மானம் போகக் கூடாதே என்று காலையில் ஸ்டார்ட் போட்டேன்" என்றார். மனிதர் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. சோதனைக்கும் உடனே சம்மதித்தார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி: 3112. அதாவது 2012ன் 31வது வாரம். கட்டை புத்தம்புதிது போல இருக்கிறது, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு. டார்ச் அடித்தால் ரேடியேட்டர் முகமே தெரியவில்லை, அவ்வளவு சருகு. கார்ப்பெட் உலர்ந்திருந்தது. 48,200 கி.மீ., 1,050 மணி நேரம். வகுத்தால் 46 வருகிறது, ஆக ஓடோமீட்டர் நேர்மையானது. ஓவர்ரெவ் சுத்தம். லீக்டவுன் (சிலிண்டருக்குள் அடைத்த காற்று எவ்வளவு கசிகிறது என்ற சோதனை) ஆறு சிலிண்டரிலும் 5 முதல் 7 சதவீதம். ஆனால் ஆயில் ஃபில்டரைப் பிரித்து மடிப்புகளை விரித்தபோது காந்தத்தில் இரண்டு மூன்று மெல்லிய துகள் ஒட்டியது. மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "இது ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். கியர்பாக்ஸை இறக்காமல் நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்றார்.

வெள்ளி. குளிர்ந்த இன்ஜின், முதல் சுற்றிலேயே ஸ்டார்ட், ஒரு குப் புகை, முடிந்தது. லீக்டவுன் 7 முதல் 9, ஒரு சிலிண்டர் மட்டும் 12. ஃபில்டரில் உலோகம் எதுவும் இல்லை, பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்கு ஒன்று. 1,71,000க்கு 3,610 மணி நேரம், சராசரி 47. ஓவர்ரெவ் இரண்டாம் பிரிவில் (எல்லையை ரொம்பவே தாண்டியதற்கான பிரிவு) 14 பதிவு, 1,240வது மணி நேரத்தில். இதுதான் என்னைக் கொஞ்சம் உறுத்துகிறது. பின்பக்கக் கூரைக் கண்ணாடி, அதாவது அந்தப் பிளாஸ்டிக் சன்னல், மடிப்பில் மஞ்சளாகிப் பிளக்க ஆரம்பித்திருக்கிறது. இடது பக்க ரேடியேட்டர் மூலையில் கூலன்ட் காய்ந்த வெள்ளைத் தடம்.

ஓட்டம்? கறுப்பு கொஞ்சம் மரத்துப்போனது போல இருந்தது, டயர் காரணமாக இருக்கலாம். வெள்ளியில் 4,500ஐத் தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் சத்தம் மாறிய இடத்தில் நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

எண்ணெய்க்கறை

ஓவர்ரெவ் பதிவை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். யாரோ ஐந்திலிருந்து நான்குக்குப் போக நினைத்து இரண்டில் போட்டிருப்பார்கள். அப்படி இறக்கும்போது லிமிட்டர் காப்பாற்றாது, சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடும். ஆனால் 14 என்பது இக்னிஷன் எண்ணிக்கை, 14 வினாடி இல்லை. ஆறு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு மூன்று இக்னிஷன், ஆக ஐந்து சுற்று கூட இல்லை. தவிர, அது நடந்தது 1,240வது மணியில். அதற்கப்புறம் 2,300 மணிக்கு மேல் இன்ஜின் ஓடிவிட்டது. வால்வு வளைந்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். நேற்று நடந்திருந்தால் வேறு பேச்சு.

பழுப்புத் துணுக்கு செயின் டென்ஷனர் பேட். இந்த வயதில் எதிர்பார்க்க வேண்டியதுதான். 12 சதவீத சிலிண்டர் கவலைப்படும் அளவில் இல்லை. 20ஐத் தாண்டினால்தான் நான் முகம் சுளிப்பேன். அடுத்த வருடம் மறுபடி பார்த்து ஒப்பிடுங்கள்.

கறுப்பு கெட்ட கார் இல்லை. ஆனால் வாங்கிய மறுநாளே கியர்பாக்ஸ் இறங்க வேண்டும், பேரிங் எதுவாக இருந்தாலும் மாற்ற வேண்டும், நான்கு டயர், எல்லா ஹோஸ், எல்லாத் திரவம், மூன்று ரேடியேட்டரையும் கழற்றிச் சுத்தம். இதையெல்லாம் விலையில் கழித்துக்கொடுப்பாரா?

நீலக்கூரை

கேட்டேன். டயருக்கு மட்டும் இறங்கினார். "48,000 ஓடிய கார் வேறு எங்கே கிடைக்கும்?" என்கிறார்.

ஞாயிறு_ஓட்டுநர்

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த எண்ணுக்காகவே வாங்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது போல வைத்துக்கொள்ள யாராவது வருவார்கள். ஓட்டுவதற்காக வாங்குபவர் நீங்கள். நான் என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை

நான் மாற்றிக்கொள்ளவில்லை, இரண்டுமே தேவையில்லாத செலவுதான். ஆனால் வாங்கியே தீருவேன் என்றால் வெள்ளியை வாங்கி, விலை வித்தியாசத்தை அப்படியே காருக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். வேறு செலவுக்குத் தொடக் கூடாது. இன்சூரன்ஸை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்ட மதிப்பில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பழைய கார் என்று சந்தை விலை போட்டால், ஒரு சின்ன இடிக்கே "சரிசெய்ய லாயக்கில்லை" என்று எழுதிவிடுவார்கள். அப்புறம், ரேடியேட்டரையும் கூரைச் சன்னலையும் காட்டி விலையைக் குறைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீலக்கூரை

குறைத்துவிட்டேன் சார். ரேடியேட்டருக்கும் சன்னலுக்கும் சேர்த்து ஏறக்குறைய பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, அடுத்த சனிக்கிழமை வண்டி வருகிறது. வீட்டில் நிபந்தனை: முதல் ரவுண்டு அவர்களுக்கு.

இரண்டு கேள்வி. இரட்டை வரிசை பேரிங்கை இப்போதே மாற்றிவிடவா, அடுத்த கிளட்ச் வரை விடவா? கூரையை மடிக்கும்போது அந்தப் பிளாஸ்டிக் சன்னல் மேலும் பிளக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மூன்றாம்கியர்

பேரிங்கை விடுங்கள். ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதீர்கள்.

எண்ணெய்க்கறை

நானும் இப்போதைக்கு விடத்தான் சொல்வேன், ஆனால் மறந்துவிடாதீர்கள். கிளட்ச் போட்டு 43,000 கி.மீ. ஆகிவிட்டது. அடுத்த கிளட்சுக்கு கியர்பாக்ஸ் இறங்கும்போது மாற்றிவிடுங்கள். அதுவரை வருடம் ஒரு ஆயில் மாற்றம், ஒவ்வொரு முறையும் ஃபில்டரைப் பிரித்துப் பாருங்கள். காந்தத்தில் எதுவும் ஒட்டினால் அன்றே வண்டியை நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.

சன்னலுக்கு: கூரையைப் பாதி வரை திறந்து நிறுத்துங்கள். இறங்கி வந்து பிளாஸ்டிக் மடியும் இடத்தில் உள்ளங்கையின் ஓரத்தால் மெதுவாக உள்ளே தள்ளி, மடிப்பு நேராக விழ வையுங்கள். அப்புறம் மீதியைத் திறங்கள். குளிரில் பிளாஸ்டிக் இறுகியிருக்கும்போது திறக்கவே வேண்டாம். 2003லிருந்துதான் கண்ணாடி போட்டார்கள், துணி மாற்றும் நாள் வந்தால் கண்ணாடிச் சன்னல் வைத்த துணியாகவே போடலாம்.

ரேடியேட்டர் மாற்ற எப்படியும் கூலன்ட்டை இறக்கத்தான் போகிறீர்கள். தண்ணீர் பம்ப் 92,000ல் போட்டது, அதன் பிளாஸ்டிக் இறக்கை உடைந்தால் துண்டுகள் இன்ஜினுக்குள் சுற்றும். பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், கூலன்ட் ஒருமுறை ஊற்றினால் போதும்.

நீலக்கூரை

சரி, பம்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.